அவையின் மேசையில் ஒரு கால்

வடமுனைத் தொகுதியின் உறுப்பினரை எல்லோரும் 'வடக்கின் குரல்' என்றார்கள். முதலில் அவரே அப்படிச் சொல்லிக்கொண்டார். பிறகு சுவரொட்டி அச்சடிப்பவர் சொன்னார். அதற்குப் பிறகு மற்றவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. சுருக்கமாகவும் மரியாதையாகவும் நாம் அவரைக் குரலார் என்று வைத்துக்கொள்வோம்.

குரலார் பேரவைக்குப் புதிதாகப் போனபோது, எல்லாப் புதியவர்களையும் போலப் பேசிப் பார்த்தார். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர், தூங்குகிறவர்களை எழுப்பிவிடாமல் மெல்ல எழுந்து தேநீர் குடிக்கப் போனார்கள். மறுநாள் அவர் தன் தொகுதியின் கலங்கல் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய், தலைக்கு மேலே தூக்கிக் காட்டிவிட்டு, அவையின் மேசையில் டங்கென்று வைத்தார். எல்லாப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. சட்டமன்றப் பணியின் சூட்சுமம் அவருக்கு அன்றே பிடிபட்டுவிட்டது.

பேரவைக்கு ஒரு விதி உண்டு. சான்றாக அவையின் மேசையில் வைக்கப்படும் பொருள், அது பற்றிய விவாதம் முடியும்வரை அவையின் சொத்து. விதியை எழுதியவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். விவாதம் என்று ஒன்று தொடங்கினால் என்றாவது முடியும் என்று நம்பியிருக்கிறார்கள். ஆனால் பேரவையில் விவாதங்கள் முடிவதில்லை. ஒத்திவைக்கப்படுகின்றன.

குடிநீர்க் குழாயில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று காட்டுவதற்காகக் குரலார் அந்தக் குழாயையே கழற்றிக்கொண்டு போனார். அதுவரை அது சொட்டிக்கொண்டாவது இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான் இருக்கிறது என்பதை நிரூபிக்க, அந்தப் பெஞ்சை லாரியில் ஏற்றினார். பேருந்து நிற்காத நிறுத்தத்தின் பெயர்ப் பலகையைப் பெயர்த்தார். அதன் பிறகு நிறுத்தாமல் போவதற்கு ஓட்டுநர்களுக்கு நியாயமான காரணமும் கிடைத்தது. வடக்கில் இருந்ததே கொஞ்சம். அதிலும் நல்ல பங்கு இப்போது பேரவையின் வைப்பறையில் இருக்கிறது. "வடக்கில் எதுவுமே இல்லை!" என்று ஒவ்வொரு தேர்தலிலும் குரலார் முழங்குவார். அதை யாராலும் மறுக்க முடிந்ததில்லை.

இப்படிப்பட்டவரிடம் தன் காலைக் கொடுத்தவர் ஒரு சலூன்காரர்.

அவருடைய கடையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, வாடிக்கையாளர் காத்திருக்க ஒரு மரப்பெஞ்சு. பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் வீடு. பல வருடங்களுக்கு முன் சந்தையில் பின்னோக்கி வந்த லாரி ஒன்று அவருடைய இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ரயிலேறித் தெற்கே தலைநகருக்குப் போய் அரசு மருத்துவமனையில் பொய்க்கால் ஒன்று பொருத்திக்கொண்டு வந்தார். வடக்கில் கால் செய்யும் இடம் கிடையாது. ஒரு வார் அறுந்தாலும் தலைநகருக்குத்தான் போக வேண்டும். மற்றபடி அது விசுவாசமான கால். நாற்காலியை அவர் சுற்றி வரும்போது டக், டக் என்று சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்கு, கத்தரி இப்போது எந்தக் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அதை வைத்தே தெரிந்துவிடும்.

கேட்டு வந்தவன் அவருடைய மச்சினன். மனைவியின் தம்பி. குரலாரின் அலுவலகத்தில் அவனுக்கு 'உடனிருப்பவர்' என்று பதவி. சம்பளம் கிடையாது. சட்டைப்பையில் தலைவர் படம் தெரிகிற மாதிரி மெல்லிய துணியில் சட்டை உண்டு.

"மாமா, தலைவர் உங்க காலைக் கேட்டாரு."

"எதுக்குப்பா, விழறதுக்கா? தேர்தல் இன்னும் வரலையே."

"கிண்டல் பண்ணாதீங்க. வடக்குக்கு ஒரு கால் மையம் வேணும்னு இந்தக் கூட்டத்தொடர்ல கேக்கப்போறாரு. சும்மா கேட்டா எவன் தரான்? மேசைல வெச்சுக் கேக்கணும். ஒரே ஒரு நாள். வெச்சோம், எடுத்தோம், அடுத்த ரயில்ல திரும்பிடலாம்."

திரைக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "டேய், போன தடவையும் இப்படித்தான் ஒரே ஒரு நாள்னு எங்க வீட்டு ஏணிய எடுத்துட்டுப் போன. அது எங்கடா?"

"அக்கா, அது வடக்குல தீயணைப்பு நிலையம் இல்லாததுக்குச் சான்று. அவைல பத்திரமா இருக்கு."

"பரண்ல ஏற முடியாம நான் இங்க அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கறேன், ஏணி அங்க பத்திரமா இருக்காம்!"

சலூன்காரர் யோசித்தார். காலின் வார் அன்று காலையில்தான் மறுபடியும் நைந்திருந்தது. பக்கத்துத் தெருவிலேயே கால் மையம் வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! தவிர, பேரவையின் பார்வையாளர் மாடத்தில் தனக்கு ஓர் இடம் ஒதுக்கப்படும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். ஊரில் அதுவரை யாருக்கும் அப்படி ஒதுக்கப்பட்டதில்லை.

"தரேன்னு சொல்லுப்பா," என்றார்.

பேரவையின் முன்கூடத்தில் வெள்ளைச் சீருடையும் சிவப்புக் கச்சையும் அணிந்த சேவகர் ஒருவர், வெல்வெட் விரித்த தட்டில் காலை வாங்கிக்கொண்டார். வாங்கியதும் முகம் சுளித்தார். காலில் செருப்பு இருந்தது. அவைக்குள் செருப்பைத் தூக்குவதற்குத் தடை உண்டு. கடந்த காலத்தில் அது பல திசைகளில் தூக்கப்பட்டிருக்கிறது. எனவே செருப்பு கழற்றப்பட்டு வெளியே வைக்கப்பட்டது. கால் மட்டும் உள்ளே போயிற்று.

மாடத்தில் காவலர் விதிகளைச் சொன்னார். இருமக் கூடாது. முன்னால் சாயக் கூடாது. கால்மேல் கால் போட்டு உட்காரக் கூடாது. கடைசி விதியைச் சொல்லிவிட்டு சலூன்காரரின் கால்சட்டையின் காலியான பக்கத்தைப் பார்த்தார். மீறுவதற்கே வழியில்லாத ஆளைப் பார்த்த ஏமாற்றம் அவர் முகத்தில் தெரிந்தது.

குரலார் எழுந்தார். காலைத் தலைக்கு மேலே தூக்கினார். படம் பிடிப்பவர்களுக்கு வசதியாக இடமும் வலமும் திரும்பினார்.

"அவைத் தலைவர் அவர்களே! இது யாருடைய கால்?" இந்த இடத்தில் அவர் சற்று நிறுத்தினார். யாருடையது என்று கேட்டு வைத்துக்கொள்ள மறந்திருந்தார். "இது ஒரு தனிமனிதனின் கால் அல்ல! தனிமனிதர்களுக்காக நான் என்றுமே கவலைப்பட்டவன் அல்ல! வடக்கு நடக்கவில்லை, அவைத் தலைவர் அவர்களே! நான் உறுப்பினராக வந்த நாளிலிருந்து அது நடக்கவே இல்லை! வடக்கின் இல்லாமைக்கு நான் பிரதிநிதி. அந்த இல்லாமையை நீங்கள் ஒழித்துவிட்டால் நான் எதற்குப் பிரதிநிதி? இதை ஆளும் தரப்பு ஒரு நிமிடமாவது எண்ணிப் பார்த்ததுண்டா? இருந்தும் கேட்கிறேன். இந்தப் பொய்க்காலை முன்வைத்துக் கேட்கிறேன்!"

ஆளும் தரப்பில் ஓர் உறுப்பினர் துள்ளி எழுந்தார். 'பொய்' என்பது அவையில் பயன்படுத்தக் கூடாத சொல் என்றார். ஒரே கூச்சல். அவைத் தலைவர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தச் சொல்லை நீக்கி, அதற்குப் பதிலாக 'உண்மைக்கு மாறான கால்' என்று குறிப்பில் ஏற்ற உத்தரவிட்டார். இரு தரப்பும் மேசையைத் தட்டி வரவேற்றன. தட்டிய வேகத்தில் கால் உருண்டது. சேவகர் ஓடிப்போய் நேராக்கினார்.

அமைச்சர் பதில் சொன்னார். "வடக்கில் கால் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று அரசு இதுவரை கணக்கெடுக்கவில்லை. கணக்கில் இல்லாததால் அப்படி யாரும் இல்லை என்றே அரசு கருதி வந்தது. அந்த மகிழ்ச்சியைக் கெடுக்கும் வகையில் உறுப்பினர் இன்று ஒரு காலைக் கொண்டுவந்திருக்கிறார். எனினும் அரசு பரிசீலிக்கும்."

மணி அடித்தது. சாப்பாட்டு நேரம். விவாதம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது.

எல்லோரும் போன பிறகு, நடைக்கூடத்தில் மச்சினன் தோளைப் பிடித்துக்கொண்டு சலூன்காரர் அவைச் செயலாளரைப் பிடித்தார். செயலாளர் மிகவும் தன்மையானவர்.

"ஐயா, என் கால்..."

"அவையோட கால்," என்று செயலாளர் திருத்தினார். "விவாதம் முடிஞ்சதும் வந்து வாங்கிக்கலாம்."

"எப்பங்க முடியும்?"

"அதை அவைதான் சொல்லணும்."

"அவையைக் கேக்கலாமுங்களா?"

"அவையைத்தான் ஒத்திவெச்சிருக்காங்களே."

"அப்ப நான் எப்படிங்க ஊருக்குப் போவேன்?"

செயலாளர் உண்மையாகவே வருந்தினார். சேவகரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். சேவகர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "இது அவைக்குறிப்புல ஏறல. இதை நீங்க தாராளமா எடுத்துட்டுப் போலாம்," என்றார் செயலாளர்.

சலூன்காரர் செருப்போடு ஊர் திரும்பினார்.

மனைவி வாசலில் நின்று கணவனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "போகும்போது கால்ல செருப்பைப் போட்டுட்டுப் போனீங்க. வரும்போது கையில கொண்டு வரீங்க. ஏணி போன வழியே போயாச்சா?"

"விவாதம் முடிஞ்சதும் குடுத்துடுவாங்களாம்."

"எது, இவங்க வாயை மூடினதுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தெருக்கோடியில் இருந்த தச்சர் ஒரு ஊன்றுகோல் செய்து கொடுத்தார். நல்ல, கனமான மரம். இடது கக்கத்தில் அதை வைத்துக்கொண்டால் நிற்கலாம், நடக்கலாம். ஆனால் அதைப் பிடிக்க ஒரு கை வேண்டும். முடி வெட்டுவதற்கோ இரண்டு கை வேண்டும், ஒன்றில் சீப்பு, ஒன்றில் கத்தரி. இந்தச் சிக்கலுக்கு சலூன்காரர் பல வழிகளை யோசித்தார். சீப்பை வாயில் கவ்வினார். பேசாமல் வேலை செய்ய வேண்டியதாயிற்று. சலூனுக்கு வருகிறவர்கள் முடி வெட்ட மட்டுமா வருகிறார்கள்? வாடிக்கையாளரையே சீப்பைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். தபால்காரர் கண்ணாடியில் பார்த்து இடம் வலம் குழம்பியதில் ஒரு பக்கக் கிருதா போய்விட்டது. அவர் பல நாள் தொப்பியைக் கழற்றவில்லை. வங்கி எழுத்தர் வாசலோடு நின்று, "இன்னும் கொஞ்சம் வளரட்டும்ணே," என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். எதிர்க் கடைக்காரருக்கு இரண்டு காலும் இருந்தன. கடைசிவரை நிலையாக வந்துகொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர்தான். அவருக்குத் தலையில் வெட்ட ஒன்றும் இல்லை. பத்திரிகை படிக்க வருவார்.

சலூன்காரர் குரலாரின் வீட்டுக்குப் போனார். வரவேற்பறைச் சுவர் முழுக்கச் சட்டமிட்ட படங்கள். குழாயுடன் குரலார், பெஞ்சுடன் குரலார், ஏணியுடன் குரலார். புதிதாக மாட்டியிருந்த படத்தில் தன் காலை சலூன்காரர் அடையாளம் கண்டுகொண்டார். நல்ல வெளிச்சத்தில் எடுத்திருந்தார்கள்.

"வாங்க வாங்க," என்றார் குரலார். "உக்காருங்க. நீங்க நிக்கறதைப் பாத்தா என் மனசு நிக்காது."

"ஐயா, தொழில் படுத்துடுச்சு. காலைக் கொஞ்சம் வாங்கிக் குடுத்தீங்கன்னா..."

குரலார் கண்களை மூடிக்கொண்டார். "இப்பதான் வடக்கோட கோரிக்கை சூடு பிடிச்சிருக்கு. தெக்கத்தி பத்திரிகைகூட எழுதறான். இந்த நேரத்துல காலைத் திருப்பி வாங்கினா என்ன சொல்வான்? 'கால்தான் கெடைச்சுடுச்சே, மையம் எதுக்கு?'ன்னு கேப்பான். உங்க ஒரு காலுக்காக வடக்கையே முடமாக்கச் சொல்றீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம், அவசரப்பட்டு இன்னொரு காலுக்கு மனு கினு போட்டுடாதீங்க. ரெண்டு காலோட உங்களை எவனாவது படம் புடிச்சுட்டான்னா என் பொதுவாழ்க்கை என்ன ஆகறது?"

சலூன்காரர் அந்தக் கோணத்தில் யோசித்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரும்பினார். அதன் பிறகு குரலாரின் கூட்டங்களில் மேடை ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். பேச்சின் உச்சத்தில் மச்சினன் வந்து அவருடைய கால்சட்டையின் காலியான பக்கத்தைத் தூக்கிக் காட்டுவான். கூட்டம் 'ஐயோ' என்னும். பிறகு கீழே விட்டுவிடுவான்.

இதற்கிடையில் காலை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு வடக்குக்கு வந்து நேரில் விசாரிக்க முடிவெடுத்து, காலையும் கூட்டிக்கொண்டு வந்தது. அரசு விருந்தினர் மாளிகையில் காலுக்குத் தனி அறை. அவையின் சொத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்பதால் கட்டிலில் தலையணைமேல் கிடத்தி, மின்விசிறியைப் போட்டு, சேவகரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். விசாரணைக்கு வந்த சலூன்காரர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். வாரைப் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

குழுத் தலைவர் பருத்தவர், நிதானமானவர். "இந்தக் கால் உங்களோடதுதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"போட்டுப் பாத்தா தெரிஞ்சுடுமுங்க."

"விசாரணையில இருக்கற பொருளை யாரும் போட முடியாது."

"அப்ப என் தொடையை அளந்துக்குங்க சார். சரியா இருக்கும்."

"தொடை எங்க வரம்புக்குள்ள வராது. எங்களுக்குக் குடுத்திருக்கறது கால் மட்டும்தான். சரி, கால் இல்லாம நீங்க இங்க எப்படி வந்தீங்க?"

"கட்டைய ஊனிக்கிட்டு வந்தேங்க. முக்கால்வாசி தூரம் உக்காந்து உக்காந்துதான்."

குழுத் தலைவர் எழுத்தரிடம் திரும்பினார். "எழுதிக்க. கால் இல்லாத நிலையிலும் மனுதாரர் குறித்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்."

அன்று மாலை குழுவுக்குப் பாராட்டு விழா. மாளிகையில் மின்சாரம் போய்விட்டதால் குழுத் தலைவரின் சவர எந்திரம் ஓடவில்லை. யாராவது ஒரு சலூன்காரரைக் கூட்டிவரச் சொன்னார்கள். வெளியே படிக்கட்டில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"சார், எனக்கு ஒரு கைதான் காலி. கன்னத்தைக் கொஞ்சம் நீங்களே இழுத்துப் புடிச்சுக்குங்க," என்றார் சலூன்காரர்.

குழுத் தலைவர் ஒத்துழைத்தார். தன் கன்னத்தைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு நாட்டின் வளர்ச்சி பற்றிப் பேசினார். பிறகு கழுத்துக்கு வந்தபோது பேச்சை நிறுத்தி, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடினார். மனுதாரரின் கையில் கத்தி. கத்தியின் கீழே குழுவின் தொண்டை. ஒரு குடிமகனுக்கும் சட்டமன்றத்துக்கும் இடையில் இதைவிட நெருக்கமான சந்திப்பு அமைவது அரிது.

"சார்," என்றார் சலூன்காரர் மெதுவாக. "அந்தக் காலைக் குடுத்துடுங்க சார். ரெண்டு கையால வேலை செஞ்சு ரொம்ப நாளாச்சு."

சலூன்காரர் தொண்டைக்குழியைச் சுற்றி வழக்கத்தைவிட நிதானமாக, ஒரு கீறல்கூட விழாமல் மழித்தார். அவருக்குத் தெரிந்தது அதுதான். முகத்தைத் துடைத்துவிட்டதும் குழுத் தலைவர் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நல்ல வேளைப்பா, நீ கேட்டப்ப என்னால வாயத் தொறக்க முடியல. தொறந்திருந்தா அது குழுவோட கருத்தா ஆயிருக்கும்."

அடுத்த கூட்டத்தொடரில் அதிசயம் நடந்தது. ஆளும் தரப்புக்கு ஏதோ ஒரு வாக்கெடுப்பில் குரலாரின் ஆதரவு தேவைப்பட்டது. ஒரே பிற்பகலில் 'வடபகுதிக் கால் மையச் சட்டம்' நிறைவேறிவிட்டது. பேரவையின் வரலாற்றில் முதல் தடவையாக ஒரு விவாதம் முடிந்தது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். சலூன்காரர் கடையைக் கழுவிவிட்டு, கத்தரிகளுக்குச் சாணை பிடித்து, அந்தச் செருப்பை எடுத்துத் துடைத்து வாசலில் வைத்தார்.

"விவாதம் முடிஞ்சுபோச்சு. இனிமே அது அவையோட கால் இல்ல," என்று மனைவியிடம் சொன்னார்.

"வந்தப்புறம் சொல்லுங்க," என்றாள் அவள்.

சட்டத்தின் முதல் பிரிவு அதன் பெயரைச் சொன்னது. இரண்டாம் பிரிவு குரலாருக்கு நன்றி சொன்னது. மூன்றாம் பிரிவு, இந்தச் சட்டத்துக்குக் காரணமான வரலாற்றுக் காலை மையத்தின் முகப்பில் கண்ணாடிப் பேழையில் என்றென்றும் பாதுகாக்க வேண்டும் என்றது. மற்றவை பின்னர் விதிகளால் வகுக்கப்படும்.

மையம் சலூனுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வந்தது. சொன்ன சொல்லைக் குரலார் காப்பாற்றினார். திறப்பு விழா முடிந்து, பந்தலைப் பிரித்து, கூட்டம் வடிந்த பிறகு சலூன்காரர் ஊன்றுகோலோடு போனார். முகப்பில் அவருடைய கால், கீழிருந்து வெளிச்சம் போட்டு, சற்றுச் சாய்வாக, எங்கோ புறப்படப் போவதுபோல நின்றது. அதைத் தாண்டிப் போனால் முகப்பு மேசை. அங்கிருந்த அலுவலர் இளம்பெண், இன்னும் வேலையில் அலுத்துப்போகாதவள். எழுந்து வந்து நாற்காலி போட்டாள்.

"உக்காருங்கப்பா. பேரு, தொழில் எல்லாம் சொல்லுங்க. பதிஞ்சுக்கறேன்." எந்திரத்தில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். முகம் மாறியது. "உங்களுக்குத்தான் கால் இருக்கே?"

"எங்கம்மா இருக்கு?"

அவள் தயக்கத்தோடு முகப்பைக் காட்டினாள். "அதுதான் உங்க பேர்ல இருக்குன்னு வருது. ஏற்கெனவே அரசாங்கக் கால் வாங்கினவங்களுக்கு, அது தொலைஞ்சாலோ ஒடைஞ்சாலோதான் புதுசு தரலாம். உங்களோடது தொலையல. நல்லாவும் இருக்கு."

"அப்ப அதையே குடுத்துடும்மா."

"அது நினைவுச் சின்னம்பா. சட்டத்துல இருக்கு." குரலைத் தாழ்த்தினாள். "நான் வேணா எழுதிப் பாக்கறேன். ஆனா சட்டத்தைத் திருத்தணும்னா பேரவைல யாராவது கேக்கணும். உங்க உறுப்பினர்கிட்ட சொல்லிப் பாருங்களேன்."

சலூன்காரர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். வெளியே வரும்போது பேழைக்கு முன்னால் நின்றார். காவலாளி, "தொடாதீங்க பெரியவரே," என்றான்.

உறுப்பினரிடம் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பு தானாகவே வந்தது. குரலார் கூட்டத்தொடருக்குக் கிளம்பும் நாள். ரயிலுக்கு முன் முகம் மழிக்க வேண்டும். எதிர்க் கடைக்காரர் ஊரில் இல்லை. தெருமுனையில் காரின் ஒலிப்பான் கேட்டதும், திரைக்குப் பின்னாலிருந்த மனைவி பாய்ந்து வந்தாள். தம்பி வருகிறான் என்றால் வீட்டில் எதையும் வெளியே வைப்பதில்லை என்பது ஏணி போனதிலிருந்து அவள் கடைப்பிடிக்கும் முறை. மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவனின் பக்கத்தில் சாத்தியிருந்த ஊன்றுகோலை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"ஏய், அதைக் குடு! நான் எப்படி நிக்கறது?"

"நாற்காலியப் புடிச்சுட்டு நில்லுங்க. இதையும் சான்றுன்னு தூக்கிட்டுப் போனான்னா அப்புறம் நின்ன மாதிரிதான்!"

குரலார் வந்து நாற்காலியில் சாய்ந்தார். மச்சினன் விசிறினான். சலூன்காரர் இடது கையால் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தபடி, ஒற்றைக் காலில் நின்று நுரை போட்டார், கத்தியை எடுத்தார். வலது கன்னம் நன்றாகவே முடிந்தது. இடது கன்னத்துக்குப் போக வேண்டுமானால் நாற்காலியைச் சுற்ற வேண்டும். பழைய ஞாபகத்தில் இடது காலை எடுத்து வைக்கப் போனார்.

டக் என்று சத்தம் வரவில்லை.

அவர் விழவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கத்தி மட்டும் குரலாரின் தாடையில் மெல்ல உரசிவிட்டது. ஒரு பொட்டு ரத்தம்.

"ஐயோ ஐயா, மன்னிச்சுக்குங்க! காலு இல்லாததால... அதைத்தாங்க உங்ககிட்ட சொல்லணும்னு..."

குரலார் கோபப்படவில்லை. கண்ணாடியில் தன் தாடையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. வாழ்நாளில் அவரை சலூன்காரர் அப்படி ஒரு மலர்ச்சியோடு கண்டதில்லை.

"இந்த நாட்டோட தெக்குல ஒருத்தன் சவரம் பண்ணிக்கிட்டா ரத்தம் வருதா? வடக்குல வருது! ஏன்? வடக்குல முடி திருத்தும் பயிற்சிப் பள்ளி ஒண்ணாவது இருக்கா?" எழுந்தே விட்டார். "இது என் ரத்தம் இல்லப்பா. வடக்கோட ரத்தம். அந்தக் கத்தியக் குடு."

"ஐயா, எங்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதாங்க."

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு சொல்றியா? இதையும் சேத்துப் பேசறேன்."

மச்சினன் அதற்குள் கைக்குட்டையை விரித்துவிட்டான். "ஒரே ஒரு நாள்தான் மாமா. ரத்தத்தைத் தொடச்சுடாதீங்க, அப்படியே வைங்க."

"இந்தப் பக்கக் கன்னமாவது முடிச்சுடறேனே," என்றார் சலூன்காரர்.

"வேண்டாம். பாதி முகத்தோடயே போறேன். அதுவும் சான்று."

கார் போய்விட்டது. திரையை விலக்கிக்கொண்டு மனைவி வந்தாள். கையில் ஊன்றுகோல். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"பாத்தீங்களா? அரிசி மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தேன். அவன் கண்ணுலயே படல. இதையாவது காப்பாத்திட்டேன்."

சலூன்காரர் ஊன்றுகோலை வாங்கி இடது கக்கத்தில் வைத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்றார். நாற்காலிக்கு முன்னால் அன்றைக்குப் புதிதாகக் கலக்கிய நுரை கிண்ணத்தில் அப்படியே இருந்தது. அவருடைய வலது கை காலியாக இருந்தது. பிடிக்கத்தான் கத்தி இல்லை.